சுவரொட்டி சூப்பில் நான் கலந்தது

மருத்துவர் நிறுத்தச் சொன்ன மாத்திரையைப் பொடித்து, என் மனைவிக்குத் தெரியாமல், அவள் குடித்த சூப்பில் கலந்து கொடுத்தவன் நான். கை தவறி ஒருமுறை நடந்ததல்ல. வீட்டில் மிச்சமிருந்த பட்டைகள் அநேகமாகத் தீரும்வரை கொடுத்தேன்.

இதைத்தான் சொல்ல வந்தேன். சொல்லிவிட்டேன்...

பதறாதீர்கள்! விஷமில்லை. இரும்புச் சத்து மாத்திரைதான். "நல்லதுக்குத்தானே செய்தாய்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "ஆமாம்" என்று பதில் வருகிறது. ஒரு முறைகூட அந்தப் பதிலை நான் நம்பியதில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் நன்றாக இருக்கிறாள். எங்கள் பிளாக் முழுவதற்கும் கேட்கும்படி என்னைத் திட்டுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறாள்! ஆகவே இது ஒரு வெற்றிக் கதை. வெற்றி அவளுடையது. மாலை மட்டும் என் கழுத்தில் விழுந்துவிட்டது.

கலைச்செல்வியை உங்களுக்குத் தெரியாது. சேத்தியாத்தோப்பில் நெல் விவசாயம் செய்யும் வீட்டுப் பெண். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த அன்று, எங்கள் மாடிக் குவார்ட்டர்ஸுக்குப் பீரோவை எப்படி ஏற்றுவது என்று நானும் லாரிக்காரரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தோம். அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, "நவுருங்க" என்றாள். அடிப்பக்கத்தை அவள் ஒருத்தியாகத் தாங்கினாள். மேல்பக்கத்தை நாங்கள் இரண்டு பேர் பிடித்துக்கொண்டோம். படி ஏறி முடித்தபோது எங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது.

டவுன்ஷிப்பில் பொங்கலுக்குப் பெண்கள் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். பிளாக்குக்கு ஓர் அணி. எங்கள் அணியின் கடைசி ஆள் கலை. கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து நிற்பவளுக்குத்தான் கடைசி ஆள் என்று பெயர். முன்னால் நிற்பவர்கள் வழுக்கலாம், விழலாம், சிரிக்கக்கூடச் செய்யலாம். கடைசி ஆள் மட்டும் அசையக் கூடாது. கலை நின்ற வருஷங்களில் கோப்பை எங்கள் பிளாக்கை விட்டுப் போனதில்லை. "கடைசிக்கயிறு" என்றால் மெயின் பஜாரில் காய் விற்பவர்களுக்கும் ஆளைத் தெரியும்.

அப்படிப்பட்டவள், 'தானே' புயல் அடித்த மறு வருஷம், எங்கள் மாடிப்படியில் பாதி ஏறி, கையில் கீரைக்கட்டோடு, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க... கொஞ்சம் இருங்க... மூச்சு அடைக்குது."

உதடு வெளுத்திருந்தது. நகம் வெளுத்திருந்தது. பல மாதங்களாக மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மூலமாக இருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று வாய்விட்டுச் சொல்லாமலே இருந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை கழிப்பறைக்கு ஓடினாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருந்தேன்!

புதுச்சேரியில் குடல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். பெண் மருத்துவர், நிதானமாகப் பேசுபவர். கீழிருந்து குழாய்விட்டுப் பார்த்தார். பெருங்குடலின் உள்சுவர் முழுவதும் புண்ணாகி ரத்தம் கசிகிறது என்றார். தொற்றுநோய் இல்லை. சாப்பிட்டதால் வந்ததும் இல்லை. உடம்பின் காவல் சக்தியே திசைமாறித் தன் குடலோடு சண்டை போடுகிறதாம்.

"இது முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். ஆனா அடக்கி வெக்கலாம். அடங்கி இருந்தா நீங்க எல்லாரையும் போல இருக்கலாம். ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு, அதையும் ஏத்தணும்."

கலை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பொங்கலுக்குக் கயிறு இழுப்பனா டாக்டரம்மா?"

மருத்துவர் சிரித்துவிட்டார். "இந்தப் பொங்கலா, அடுத்த பொங்கலா, பாக்கலாம். ஆனா இழுப்பீங்க."

புண்ணுக்கு மாத்திரை. ரத்தத்துக்கு இரும்பு மாத்திரை. புண் மாத்திரையை அவள் உடம்பு ஏற்றுக்கொண்டது. இரும்பு மாத்திரை விழுங்கினாளோ இல்லையோ, வயிறு முறுக்கிக்கொண்டது. குமட்டல். மலம் தார் நிறத்தில் கறுத்துப் போயிற்று. அடுத்த முறை போனபோது மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.

"குடல் புண்ணா இருக்கும்போது, வாய் வழியா போற இரும்பு உடம்புல சரியா சேராது. வயித்துல தங்கித் தொந்தரவு பண்ணும், அவ்வளவுதான். கையில ஊசி போட்டு டிரிப்பா ஏத்திடலாம். ஆனா இப்ப உங்களுக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கு, காய்ச்சலும் இருக்கு. அது தீரட்டும். தீர்ந்ததும் ஏத்தலாம். அதுவரைக்கும் இரும்பு வேண்டாம்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியுமா? எனக்குப் புரிந்தது. தலையாட்டினேன். புரியாமல் செய்தேன் என்று ஒதுங்கக்கூட எனக்கு இடமில்லை.

அப்புறம் ஏன்?

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். நான் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். எங்கள் நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெருந்தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. சுரங்கத்தைச் சுற்றிலும் கிணறு போட்டு, அதை மூன்று ஷிஃப்டும் ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைப்பது நின்றால் தண்ணீர் சுரங்கத்தின் தரையை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். இயந்திரம், ஆள், எல்லாம் முழுகும்.

அதனால் எங்களுக்கு முதல் நாளே ஒரு விதி சொல்லிக் கொடுப்பார்கள். மெயின் பம்ப் நின்றால் ஸ்டாண்ட்பை பம்பை ஓட்டு. யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே. ஓட்டிவிட்டு, கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லு.

இருபது வருஷமாக அந்த விதியில் ஊறியவன் நான். மருத்துவர் என்ன சொன்னார்? மாத்திரையை நிறுத்து, டிரிப் பிறகு என்றார். அதாவது மெயின் பம்பை நிறுத்திவிட்டார். அடுத்தது எப்போது ஓடும் என்று நிச்சயமில்லை. நடுவில் ஒன்றுமே ஓடாமல் கிடப்பதா? அவள் உதடு இன்னும் வெளுத்துத்தானே இருக்கிறது? என் மூளைக்கு அந்தச் சும்மா இருக்கிற நேரம்தான் பெரிய அபாயமாகத் தெரிந்தது!

அவளுக்கு அடுப்படியில் நிற்கத் தெம்பில்லாததால் சமையல் என் கைக்கு வந்திருந்தது. காலை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நான்தான் உலை வைப்பேன். ரத்தம் ஊற ஆட்டின் சுவரொட்டி நல்லது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், கைப்பிடி அளவு மண்ணீரல். கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கி வருவேன். தணலில் வாட்டித் தோலை உரித்து, பொடியாக நறுக்கி, மிளகும் சீரகமும் பூண்டும் நசுக்கிப்போட்டுக் கொதிக்க வைத்தால், கருஞ்சிவப்பாக ஒரு சூப். அதன் வாசனையே இரும்பு வாசனைதான்.

கருஞ்சிவப்பு... இரும்பு வாசனை... இதற்குள் எதைப் போட்டால்தான் தெரியப்போகிறது?

மிச்சமிருந்த மாத்திரையின் மேல்பூச்சைத் தண்ணீரில் கழுவினேன். மிளகு நசுக்கும் இடிகல்லில் போட்டுப் பொடித்தேன். சூப்பில் கலந்தேன். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். நல்ல காரியம் செய்கிறவன் கதவை எதற்குச் சாத்துகிறான்? அன்று அது எனக்குத் தோன்றவில்லை.

"என்னாங்க, இன்னிக்கு வேற மாரி இருக்குது? நாக்குல ஒட்டிகினு நிக்குது."

"சுவரொட்டி பெரிசு. குடி."

"வேணாங்க. கொமட்டுது."

"குடின்னா குடி. ரத்தம் சும்மா ஊறுமா?"

குடித்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, எனக்காகக் குடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தம்ளர் காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

முறுக்கல் திரும்பி வந்தது. முன்னைவிட அதிகமாக வந்தது. ராப்பகல் இல்லாமல் ஓடினாள். மலம் மறுபடியும் தார் நிறம். நான் என்ன நினைத்தேன்? நோய் முற்றுகிறது, இன்னும் கொஞ்சம் இரும்பு வேண்டும் என்று நினைத்தேன். ஒரு மாத்திரை இரண்டாயிற்று. சிரிக்காதீர்கள். பம்ப் போதவில்லை என்றால் இன்னொன்றை ஓட்டுவதுதானே என் தொழில்?

அந்த வாரம்தான் அவள் தங்கை செல்வி சேத்தியாத்தோப்பிலிருந்து பார்க்க வந்தாள். அக்காவுக்கு வாய்க்கு ருசியே இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு தூக்கில் கருவாட்டுக் குழம்பு வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கலை பல நாளுக்குப் பிறகு இரண்டு கவளம் சோறு ஆசையாகத் தின்றாள். மறுநாள் வயிறு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் சுருண்டு படுத்தபோது, அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்.

"அந்தக் கருவாடுதாங்க. எனக்கு எங்க போச்சு புத்தி?"

அந்த நேரத்தில் நானும் அதை நம்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்... நம்ப வசதியாக இருந்தது.

புதுச்சேரிக்கு ஓடினோம். மருத்துவர் முகம் மாறிவிட்டது. இரும்பு மாத்திரையை நிறுத்திய பிறகும் மலம் ஏன் கறுப்பாகப் போகிறது? அப்படியானால் இரைப்பையிலோ அதற்குக் கீழோ வேறு எங்கோ ரத்தம் கசிய வேண்டும். கசிந்தால் அது ஆபத்து. உடனே படுக்கையில் சேர்க்கச் சொன்னார். வாய் வழியாகக் குழாய்விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

"இரும்பு மாத்திரை நிறுத்திட்டீங்கதானே?"

"அன்னிக்கே நிறுத்திட்டங்க டாக்டரம்மா."

"வேற மருந்து? நாட்டு மருந்து, சூரணம், ஏதாவது?"

"ஒண்ணுமில்லீங்க. வூட்டுச் சாப்பாடுதான். என் தங்கச்சி குடுத்த கருவாட்டுக் கொழம்பு மட்டும் தின்னுட்டன்."

"அதனால இப்படி வராது" என்றார் மருத்துவர். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அந்த நொடி வரைக்கும் நான் முட்டாள். அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு வாக்கியம் போதும். ஒரே ஒரு வாக்கியம்! குழாய் வேண்டாம், பயம் வேண்டாம், அவ்வளவும் என் இடிகல்லில் இருந்து வந்தது என்று சொன்னால் போதும்.

கலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் இருக்கிறவரைக்கும் நமக்கென்ன என்ற பார்வை. அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

"தெரியல டாக்டர்" என்றேன்.

சூப்பில் கலந்ததை அறியாமை என்று நீங்கள் மன்னித்துவிடக்கூடும். இந்த இரண்டு சொல்லை எதில் சேர்ப்பீர்கள்?

சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பீரோவை ஒற்றை ஆளாகத் தாங்கியவள் என் கையை விடவே மாட்டேன் என்றாள். "குழாய் வுட்டா செத்துப் போயிடுவனாங்க?" என்று கேட்டாள். இல்லை என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். கதவு மூடியது. உள்ளேயிருந்து அவள் ஓங்கரிக்கும் சத்தம் வந்தது. எனக்குக் கேட்கத்தான் வேண்டும் என்று அங்கேயே நின்றேன். அது என்ன பெரிய தண்டனையா? தொண்டை அவளுடையது!

மேலே ஒன்றுமே இல்லை. சுத்தமாக இருந்தது. மருத்துவருக்குக் குழப்பம். ஆனாலும் பெருங்குடல் புண் கிளர்ந்திருந்ததால் ஸ்டீராய்டு ஆரம்பித்தார். அவள் முகம் உப்பிப் போயிற்று. "பொங்கப் பானை மாரி ஆயிட்டன்" என்று கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். அந்தப் பொங்கலுக்கு எங்கள் பிளாக் முதல் சுற்றிலேயே தோற்றது. மைதானத்துச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. கலை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் ரேடியோவைப் பெரிதாக வைத்தேன்.

மருத்துவமனையில் இருந்தபோதே கறுப்பு நின்றுவிட்டது. நிற்காமல் என்ன செய்யும்? அங்கே என் சூப் இல்லையே! நான் மீதிப் பட்டைகளைப் புதுச்சேரி பஸ் நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

தொற்றும் தீர்ந்தது. டிரிப் ஏற்றும் நாள் வந்தது. பால் விடாத கடுந்தேநீர் நிறத்தில் ஒரு மருந்து, சொட்டுச் சொட்டாக அவள் கைக்குள் இறங்கியது. பக்கத்தில் நர்ஸ் வந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவுதானா? இதற்கா நான் பொறுக்கவில்லை? இடைவெளி விட்டு மறுபடியும் ஏற்றினார்கள். ரத்தப் பரிசோதனை. மறுபடியும் பரிசோதனை. ஹீமோகுளோபின் மட்டும் ஏறினால் போதாது, உடம்பின் இரும்பு இருப்பும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குடல் புண் ஆறாமல் இருந்தால் அந்த இருப்பு கூடுதலாகக் காட்டி ஏமாற்றும் என்றெல்லாம் மருத்துவர் விளக்கினார். கலை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

நான் வேறு அளவுகோல் வைத்திருந்தேன். அவள் திட்டு!

முதலில் என் பனியன் துவைக்காமல் கிடப்பதைப் பார்த்து முனகினாள். சில வாரத்தில் அடுப்படியில் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்துக் குரல் உயர்த்தினாள். அப்புறம் ஒருநாள் நான் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்தும்போது, மாடியிலிருந்து, "செருப்ப வெளிய வுடுங்கன்னா காதுல வுழுதா இல்லியா?" என்று ஒரு குரல் கேட்டது. கீழ்வீட்டு நாய் எழுந்து நின்றது. நான் படிக்கட்டில் நின்று அழுதேன். ரத்தம் ஏறிவிட்டது! என் கலை திரும்பி வந்துவிட்டாள்!

உதடு சிவந்தது. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் மாடி ஏறி வந்து, "பாத்தீங்களா?" என்றாள். கயிறு இழுக்க மருத்துவர் அனுமதித்தார். எங்கள் அணித் தலைவி பிலோமினா, பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர், கயிற்றைக் கொண்டுவந்து வேப்பமரத்தில் கட்டிவிட்டார். சாயங்காலமானால் கலை மரத்தோடு இழுத்துப் பழகினாள்.

அடுத்த பொங்கல் வந்தது.

அந்தப் போட்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! எதிரில், முந்தின வருஷம் கோப்பையைத் தட்டிக்கொண்டு போன பிளாக். அவர்களுடைய கடைசி ஆள் ஒரு விளையாட்டு ஆசிரியை, கயிற்றைத் தோளில் போட்டபடி கலையைப் பார்த்துப் புன்னகைத்தார். முதல் சுற்று அவர்களுக்குப் போனது. இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் எங்கள் முன்வரிசையில் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். கயிறு அவர்கள் பக்கம் சரசரவென்று போயிற்று. போச்சு என்று நான் கண்ணை மூடினேன்.

"யாரும் கைய வுடாதீங்கடி! நான் நிக்கிறன்!"

கண்ணைத் திறந்தேன். கலை வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தாள். குதிகால் இரண்டும் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகம் சிவந்திருந்தது. ஆமாம், சிவந்திருந்தது! வெள்ளைக் காகிதமாகக் கிடந்த முகம்! கயிறு நின்றது. விழுந்தவர்கள் எழுந்து பிடித்துக்கொண்டார்கள். பிலோமினா ஏலேலோ போட்டார். ஒரு அடி. இன்னொரு அடி. எதிரணி மொத்தமாகக் கோட்டைத் தாண்டி வந்து விழுந்தது.

மைதானமே எழுந்து நின்றது. நான் யாரையோ கட்டிக்கொண்டு குதித்தேன். யாரென்று இன்றுவரைக்கும் தெரியாது. அந்த மகிழ்ச்சியில் ஒரு துளிக் கலப்படமும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அவள் ஜெயித்துவிட்டாள்! நோயை, ரத்தமின்மையை, எதிர் பிளாக்கை... என்னையும்கூட ஜெயித்துவிட்டாள்.

பிறகு மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. போன பொங்கலுக்கு நான் படுத்த படுக்கையா கெடந்தன். டாக்டரம்மா ஊசி போட்டுக் காப்பாத்துனாங்க. ஆனா அதுக்கு மின்ன எங்க வூட்டுக்காரரு, ஷிஃப்ட் முடிச்சு வந்து, தெனமும் சுவரொட்டி சூப்பு வெச்சுக் குடுத்தாருங்க. நான் வேணான்னாலும் வுட மாட்டாரு. பக்கத்துல குந்திகினு குடிக்க வெப்பாரு. இந்தக் கோப்பை அவருக்குத்தான்!"

கைதட்டலைக் கேட்டீர்களா? என்னை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். நான் மைக்கைப் பிடித்தேன். இப்போது சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"சூப்புல ஒண்ணுமில்லீங்க... டிரிப்புதான்... நான் தப்புதான் பண்ணேன்..."

"பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்!" என்றார் மைக்கைக் கொடுத்தவர். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். நானும் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

கீழே செல்வி நின்றிருந்தாள். கருவாட்டுக் குழம்புக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. "இவதான் அக்காவ சாவக் குடுக்கப் பாத்தா" என்று ஊரில் சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் பேசிவிட்டார்கள். அன்று கூட்டத்தோடு கூட்டமாக, தள்ளி நின்றே போட்டியைப் பார்த்திருக்கிறாள். என் காலைத் தொட வந்தவளை நான் பதறிப்போய்ப் பிடித்து நிறுத்தினேன்.

"நீங்க இல்லன்னா எங்க அக்கா ஏது மாமா? நான்தான் புத்தி கெட்டுப்போயி அந்தக் கருவாட்டக் குடுத்து... என்ன மன்னிச்சிருங்க மாமா."

உங்களைக் கேட்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நான், "பரவால்ல வுடும்மா, வூட்டுக்கு வா" என்றேன். அவளை மன்னித்தேன்! நான்! பொன்னாடையோடு நின்று, அவள் செய்யாத தப்பை அவளுக்குப் பெருந்தன்மையாக மன்னித்து அனுப்பினேன்! மைக்கில் உளறியதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டவர்கள் மீது பழியைப் போடலாம். இதை யார் மீது போடுவது?

இவ்வளவு வருஷம் ஆகிவிட்டது. கலை மருந்தை விட்டதில்லை, பரிசோதனையைத் தள்ளிப்போட்டதில்லை. இரும்பு இருப்பு குறைந்தால் அவளே பையை எடுத்துக்கொண்டு டிரிப்புக்குக் கிளம்பிவிடுகிறாள். ஒரு முறை குள்ளஞ்சாவடியிலிருந்து, அதே நோய் உள்ள மகளைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா சூப் பக்குவம் கேட்டு வந்தார். நான் கும்பிடாத குறையாகச் சொன்னேன். "சூப்பை நம்பாதீங்கம்மா. டாக்டர் நிறுத்துன்னா நிறுத்துங்க. எதக் குடுத்தாலும் அவங்ககிட்ட சொல்லிட்டுக் குடுங்க." அந்தப் பெண் டிரிப் ஏற்றிக்கொண்டு, இப்போது கல்லூரிக்குப் போகிறாள். கலைக்கு அதிலும் பெருமை. எங்க வூட்டுக்காரரு அரை டாக்டர் என்கிறாள்.

கருவாட்டை மட்டும் அவள் தொடுவதில்லை. அவளுக்கு உயிர் அது. செல்வி வந்தால் வேண்டுமென்றே சாம்பார் வைக்கிறாள். அக்காவும் தங்கையும் எல்லாம் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

பம்பை ஓட்டிவிட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் விதி. நான் ஓட்டினேன். சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேனே என்கிறீர்களா? நீங்களா அந்தக் குழாயை விழுங்கினீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டி கிடைத்தது. சூப் வைத்துக் கொடுத்தேன். கலை ஊதி ஊதிக் குடித்தாள். பாதியில் நிறுத்தி, நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"என்னாங்க, மின்ன வெச்ச மாரி வர மாட்டேங்குதே. அது நாக்குலயே நிக்கும். அன்னிக்கு என்னாதான் போட்டீங்க?"

இடிகல் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"உப்பு கம்மியா இருக்கும்" என்றேன்.

அவள் உப்பு ஜாடியை எடுத்து ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். குடித்துப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். இன்னொரு சிட்டிகை போட்டாள்.